குரலுக்கு இடம் செய்தவள்

தெருவில் அவளுக்கு டி.டி.பி. அக்கா என்று பெயர். அடுத்தவர் எழுதும் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக அமைத்து அச்சகத்துக்குக் கொடுப்பது பிழைப்பு. படுக்கையறையின் ஒரு மூலைதான் ஆபீஸ். அங்கே இருக்கும் கிழட்டுக் கம்ப்யூட்டரை வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டவர் அன்றைக்கு அவள் வாயிலிருந்து தப்ப முடியாது.

அந்த வாய்க்கு ஈடுகொடுத்த ஒரே ஆள் அவள் புருஷன். பஸ் கண்டக்டர். முன்படியில் நின்றுகொண்டு, "உள்ள போங்க சார், உள்ள என்ன கிணறா வெட்டி வச்சிருக்கோம்?" என்றால் பின்படியில் தொங்குபவன்கூட நகர்வான். அப்படி ஒரு குரல். வீட்டில் அவள் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். இரண்டு பேரும் போடும் சண்டையில் எதிர்வீட்டுக்காரர்கள் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். அரைமணி கழித்துப் பார்த்தால் இருவரும் ஒரே தட்டில் எதையோ கொறித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்தக் குரலில்தான் வந்து உட்கார்ந்தது வியாதி. தொண்டையில் புற்று, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒரு வழி சொன்னார். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் பேச்சை நிறையப் பதிந்து வைத்துக்கொண்டால், அதிலிருந்து ஒரு குரலைச் செய்து தருகிற புரோகிராம் இருக்கிறதாம். பிறகு இவர் எழுத்தைத் தட்டினால் போதும், கம்ப்யூட்டர் இவர் குரலிலேயே பேசும்.

எதிரொலி கேட்கக்கூடாது என்று துணி அலமாரியைத் திறந்துவைத்து, சேலைகளுக்கு நடுவே மைக்கை நீட்டி, ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கியங்களை அவர் தினமும் சாயங்காலம் வாசித்தார். தொண்டை எரியும், தண்ணீர் குடிப்பார், மறுபடி வாசிப்பார். நடுநடுவே சொந்தச் சரக்கு வேறு. "ஏம்மா, இன்னைக்கும் உப்பு போட மறந்துட்டியா? இதையும் பதிஞ்சுக்கோ, பின்னால தேவைப்படும்." அவள் சிரித்துக்கொண்டே பதிந்தாள். எல்லாவற்றையும் இன்னொரு இடத்திலும் காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரி அம்மாள். செய்கிறேன் செய்கிறேன் என்றே நாள் ஓடிவிட்டது.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் மூச்சுவிட ஒரு ஓட்டையோடு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சிலேட்டு. முதல் வாரம் வரிவரியாக எழுதினார். அப்புறம் ஒரு சொல், அப்புறம் வெறும் தலையாட்டல். ஒன்றுக்கு ஒன்பது சொன்ன மனுஷன்! அவளும் சண்டையை விட்டுவிட்டாள். பதில் சொல்ல முடியாதவரிடம் என்னவென்று சண்டை போடுவது? வீடு அடங்கிப்போனது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று, அவர் தன்னை எதிர்த்துப் பேச வேண்டும்.

புரோகிராமை ஓடவிட்டாள். ஒவ்வொரு பதிவின் பெயருக்கும் பக்கத்தில் 'சேர்க்கப்பட்டது' என்று வரிசையாக வந்தது. குரலைச் செய்யத் தொடங்கிப் பாதியில் நின்றுபோய், வெர்ச்சுவல் மெமரி போதவில்லை என்றது. கம்ப்யூட்டருக்குத் தன் மெமரி போதாதபோது ஹார்ட் டிஸ்க்கில் கொஞ்சம் இடம் பிடித்து அதையும் மெமரியாக வைத்துக்கொள்ளும், அந்த இடமும் போதவில்லை. திரும்ப ஓடவிட்டாள். அதே இடத்தில் படுத்துக்கொண்டது.

கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் கொழுந்தனாருக்குப் போன் போட்டாள். "அண்ணி, அந்த மெமரி செட்டிங்ல மட்டும் கை வைக்காதீங்க. ஞாயித்துக்கிழம என் மெஷின எடுத்துட்டு வரேன், அதுல போட்டுக்கலாம்" என்றார். நல்ல பேச்சுதான். ஆனால் பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். 'எப்ப?' என்று எழுதியிருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவராக ஒன்று கேட்டிருக்கிறார். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை.

செட்டிங்கைத் திறந்தாள். கம்ப்யூட்டரே அளவைப் பார்த்துக்கொள்ளும் என்ற டிக்கை எடுத்துவிட்டு, தன் கையால் பெரிய அளவாகப் போட்டாள். டிஸ்க்கில் அவ்வளவு இடமில்லை என்றது. இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பார்த்தாள். அவர் வாசித்த பதிவுகள்தான். அதுதான் எல்லாம் சேர்த்தாகிவிட்டதே, இன்னும் இது எதற்கு? குப்பைத்தொட்டியில் போட்டாலும் இடத்தைப் பிடிக்கும் என்று, இரண்டு விசையைச் சேர்த்து அழுத்தி அடியோடு அழிப்பது அவளுக்குத் தொழிலில் வந்த பழக்கம். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்றாள். புது அளவைப் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள்.

புரோகிராம் திறந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவப்பாக, 'ஃபைல் இல்லை'.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவளுக்குப் புரியாமல் வேறு யாருக்குப் புரியும்? புத்தகம் அமைக்கும்போது ஒரு பக்கத்தில் வைக்கிற படம் அந்தப் பக்கத்துக்குள்ளேயே வந்துவிடாது, படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் உள்ளே இருக்கும். படத்தை அழித்துவிட்டு வந்து விழிக்கிற ஆட்களை அச்சகத்தில் வைத்து எத்தனை தடவை கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள்! சேர்க்கப்பட்டது என்றால் குறித்துக்கொள்ளப்பட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். பாவி, தெரிந்த விஷயம் தெரிய வேண்டிய நேரத்தில் தெரியவில்லையே.

செய்தி கேட்டுக் கொழுந்தனார் அன்றைக்கே ஓடி வந்தார். அழித்தது உடனே போய்விடாது, அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை கிடக்கும், மீட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார். தேடத் தேட அவர் பேச்சு குறைந்தது.

"அண்ணி, நீங்க வெர்ச்சுவல் மெமரிக்கு ஒதுக்கின எடம்... அது அப்படியே அந்தப் பதிவுங்க மேலதான் போய் உக்காந்திருக்கு."

கிடைத்தது சில துண்டுகள். ஒன்றில் இருமல். ஒன்றில் தண்ணீர் குடிக்கும் சத்தம். போனில் இருந்த பழைய பேச்சையெல்லாம் சேர்த்தாலும் பஸ் இரைச்சல்தான் அதிகம், குரல் செய்யப் போதாது என்று ஆஸ்பத்திரி அம்மாள் போனிலேயே சொல்லிவிட்டார்.

அவர் முன்னறையில் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அவள் போய் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். சுற்றி வளைக்க அவளுக்கு வராது.

"நான் அழிச்சிட்டேங்க. உங்க குரல நானே என் கையால அழிச்சிட்டேன்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் வாய் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஓட்டை வழியாகக் காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. சிலேட்டை இழுத்துக் குச்சியை எடுத்தார், எதையும் எழுதாமல் திரும்ப வைத்துவிட்டார்.

அவர் ஒரே ஒரு தடவை கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். கத்துவதற்குத்தான் அவருக்கு அவள் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே.