அவர்கள் ஓடிப்போகவில்லை

கடல் கடந்து வந்து குடியேறிய இந்த நாட்டில், மவுண்ட் ரோஸ்கில்லில் நிற்கும் இந்த வீட்டை நான்தான் கட்டினேன். பென்ரோஸில் மூன்று கிடங்குகளுக்குக் கான்கிரீட் தளம் போட்டவன் நான். மலாயாத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவன்; ஆனாலும் பதினேழு வயதில் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட்டேன். சிரிக்காதீர்கள். தனியாகப் போட்டேன் என்று சொல்லவில்லை.

போன சனிக்கிழமை மருமகன் தோட்டத்தில் அணைசுவர் வைக்கப் பழைய ரயில் சிலிப்பர் கட்டைகளை வாங்கி இறக்கினார். வெயில் பட்டதும் தார் வாசம் கிளம்பியது. நாங்கள் சுமந்தவை தார் பூசாத பச்சை மரம், வாசமே வேறு. ஆனால் தோளுக்கு மூக்கு ஏது? அது தானாகச் சாய்ந்துகொண்டது.

"மாமா, தூக்காதேங்கோ, முதுகு போயிடும்" என்றார் மருமகன். மன்னார்க்காரர், நல்ல பிள்ளை. ஒரு முனையைத் தூக்கிக் காட்டினேன். பிறகு இரண்டு நாள் படுத்துக் கிடந்தது வேறு விஷயம்.

உலக யுத்தத்துக்குப் பேரனின் புத்தகத்தில் ஐந்து காரணங்கள் போட்டிருக்கிறது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் தோட்டத்து ரப்பர் பால்மரம் ஜப்பான்காரனுக்கு வேண்டியிருந்தது. அவன் சைக்கிளில் வந்தான். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஓடினார். அரிசி போய் மரவள்ளிக்கிழங்கு வந்தது. சயாமில் மூன்று மாத வேலை, வயிறு நிறையச் சோறு என்று கங்காணி சொன்னதும் நான்தான் முதலில் லாரியில் ஏறினேன். எதிலும் முதல் ஆள் நான், முட்டாள்தனத்திலும்.

பாதை போட்ட முகாமில் மழையோடு காலரா வந்தது. நோயாளிக் குடிசைக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. காவல்காரன் பயத்தில் உள்ளே வரமாட்டான். வாசலில் நின்றபடி எண்ணச் சொல்வான். படுத்திருப்பவர்கள் ஜப்பான் மொழியில் வரிசையாகத் தங்கள் எண்ணைச் சொல்ல வேண்டும். எத்தனை குரலோ அத்தனை பேருக்குச் சோறு. செத்தவர்களுக்கும் நான் குரல் கொடுத்தேன். ஒருநாள் ஏழு பேருக்கு: தடித்த குரல், கீச்சுக்குரல், இருமல் குரல். அந்தச் சோற்றில் சிலர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

என் சிநேகிதன் முனியாண்டி எழவில்லை. "டேய், நான் செத்தா என் நம்பரை நல்லா சத்தமா சொல்லு. உன் முனகலெல்லாம் எனக்கு வேணாம்" என்றான். ஒன்பது நாள் சத்தமாகவே சொன்னேன்.

முகாமை மாற்றும்போது தலைகளை எண்ணினார்கள். குரல் கணக்கைவிட ஆள் குறைந்தது. குறைந்தவர்களை ஓடிப்போனவர்கள் என்று எழுதிக்கொண்டதாகக் கங்காணி சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் தலை போயிருக்கும்.

நேற்று பாபகூராவில், பழைய படைவீரர்கள் கூடும் மண்டபத்தில், அந்தப் பாதையைப் பற்றிப் புகைப்படக் கண்காட்சி வைத்திருந்தார்கள். கட்டியவர்கள் போர்க்கைதிகள் என்று பலகையில் இருப்பதை மருமகன் வாசித்தார். நாங்கள் எங்கே என்று பொறுப்பாளரைக் கேட்டேன். அவரும் அங்கே கைதியாக இருந்தவர், மரியாதையான மனிதர். உங்கள் ஆட்களும் இருந்தார்கள், பலர் ஓடிவிட்டதாகக் கேள்வி, பெயர்ப் பட்டியலும் இல்லை என்றார்.

வேலைத்தளத்தில் கற்ற என் இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடவில்லை, செத்தார்கள், கணக்கைக் கெடுத்தது நான் என்றேன்.

"விடுங்கோ மாமா, சனம் பாக்குது."

"பாக்கட்டும் மாப்பிள்ளை. அதுக்குத்தானே சொல்றேன்."

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். பலகையை மாற்ற மண்டபக் குழுவில் பேசுவதாகச் சொன்னார்.

யுத்தம் முடிந்ததும் கைதிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். நாங்கள் மாதக்கணக்கில் காட்டில் கிடந்தோம். தோட்டத்துக்குத் திரும்பியபோது நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் வேறு குடும்பங்கள். இன்று அந்தப் பாதையில் பெரும்பகுதியைக் காடு மூடிவிட்டது. முனியாண்டியைத் தெரிந்தவர் என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்கும் எழுபது தாண்டிவிட்டது. குழு எப்போது கூடுமோ?

பலகையில் எதையும் அழிக்க வேண்டாம். கீழே இடம் இருக்கிறது, முழம்போட்டுப் பார்த்துவிட்டேன். தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் கட்டினார்கள் என்று எழுதுங்கள். முனியாண்டி செத்தான் என்று எழுதுங்கள். பக்கத்தில் என் பெயரையும் எழுதுங்கள், நான் வந்து பார்க்கும்படி.