எறா தொக்கின் மேல் விழுந்த பழி

கட்டின புருஷனைச் சமைத்தே கொல்லப் பார்த்தவள் என்ற பேரோடு செம்பாக்கத்தில் ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான்.

எண்பதுகளின் கடைசி. கல்யாணமாகி நாலே மாசம். அவருக்கு விலாவில் தாங்க முடியாத வலி. கிட்னியில் கல்லா என்று பார்க்க எக்ஸ்ரே எடுக்கணும், வெறும் வயிற்றோடு வா என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். முடிந்ததும் பசிக்குமே என்று டிபன் கேரியரில் ஒரு தட்டில் சாதமும் எறா தொக்கும், இன்னொரு தட்டில் தயிர் சாதமும் வைத்துக் கொடுத்தேன். இறாலுக்கு எங்கள் பக்கம் எறா என்றுதான் பேர். புகுந்த வீட்டில் நான் செய்த முதல் எறா தொக்கு அது. மத்தியானம் திரும்பி வந்த மனுஷனைப் பார்த்தால் அடையாளமே தெரியவில்லை. உதடு வீங்கி, கண் இடுங்கி, உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துப்போய், மூச்சு வேறு இழுத்தது. தெருமுனை டாக்டர் ஊசி போட்டுக் காப்பாற்றினார். “என்ன சாப்பிட்டார்?” என்று அவர் கேட்டதுதான் தாமதம், என் மாமியார் காலி டிபன் கேரியரைத் தூக்கிக் காட்டினார்.

“எறா, டாக்டர்! இவ செஞ்ச எறா!”

“அப்ப அதுதான். இனிமே தொடவே கூடாது” என்றார் டாக்டர். விசாரணை அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எறா நுழையவில்லை. ஆனால் எறா கதை மட்டும் மாடம்பாக்கம் நாத்தனார் வீடு முதல் கூடுவாஞ்சேரி சம்பந்தி வீடு வரை போகாத இடமில்லை. “எமன் கையிலேருந்து புள்ளைய புடுங்கினு வந்தேன்” என்று ஆரம்பிப்பார் மாமியார். ஒவ்வொரு தடவையும் உதடு இன்னும் கொஞ்சம் வீங்கும். எறா ஒவ்வொன்றும் கட்டைவிரல் தண்டிக்கு வந்துவிடும். என் புருஷன் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் மனசுக்குள் பயமும் இருந்தது. ஒருவேளை நிஜமாகவே நான்தான் அவரைச் சாகக் கொடுக்க இருந்தேனோ என்று.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு இடது காது கேட்காமல் போக ஆரம்பித்தது. உள்ளே எந்நேரமும் ஙொய் என்று சத்தம் என்றார். காது டாக்டர் பார்த்துவிட்டு, காது நரம்பில் சின்னக் கட்டி இருக்கலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுங்கள் என்றார். கை நரம்பில் ஊசி வழியாக ஒரு சாய மருந்தை ஏற்றி எடுத்தால்தான் கட்டி பளிச்சென்று தெரியுமாம். கட்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எங்கள் பெண்ணின் ஞாபகம்தான் வந்தது. அவளுக்கு அப்போது ஆறு வயசு.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி மூன்று பேரும் சிட்டிக்குப் போனோம். மூன்றாவது ஆள் மாமியார். வராதீர்கள் என்றால் கேட்கிற ஜாதியா? ஸ்கேன் சென்டரில் நர்ஸ் ஒரு ஃபாரத்தோடு வந்து உட்கார்ந்தாள். கேள்வி அவரிடம். பதில் மாமியாரிடமிருந்து. எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. பிள்ளைக்கு நாற்பது வயசானாலும் அவன் உடம்பைப் பற்றிப் பேசுகிற உரிமை பெற்றவளுக்குத்தான்.

“உடம்புல ஆபரேஷன் பண்ணி வச்ச கிளிப், பிளேட் ஏதாவது இருக்கா?”

“இல்லம்மா. இடுப்புல தாயத்து மட்டும் கீது.”

“கழட்டிடுங்க. ஆஸ்துமா? கிட்னி பிரச்சினை?”

“கல்லு இருந்திச்சி. பீர் குடிச்சான், துடைப்பம் மாதிரி அடிச்சிகினு போயிடிச்சி” என்றார் மாமியார். நர்ஸ் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அசரவில்லை.

“எதாவது மருந்து, சாப்பாடு ஒத்துக்காம போயிருக்கா?”

அப்படி ஒரு கேள்விக்குத்தான் என் மாமியார் பிறந்ததே. எழுந்து நின்றே சொல்ல ஆரம்பித்தார். எமன், உதடு, கட்டைவிரல் எறா எல்லாம் வந்தது. நர்ஸ் ‘எறா’ என்று மட்டும் எழுதிக்கொண்டாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து வந்த ஸ்கேன் டாக்டர், ஒரு அம்மா, ஃபாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டார். மாமியாருக்குக் கசக்குமா? இந்தத் தடவை கூடுதல் சுதியோடு, “காலைல வெறும் வயித்தோட எக்ஸ்ரே எடுக்க போன புள்ளமா அது...” என்று தொடங்கினார்.

“இருங்க இருங்க. என்ன எக்ஸ்ரே?” என்றார் டாக்டர்.

“கிட்னிக் கல்லுக்கு” என்றேன் நான்.

“அதுக்குக் கையில ஊசி போட்டாங்களா?”

அவர் தலையை ஆட்டினார். அன்றைக்குத்தான் அந்த மனுஷர் முதல்முறையாகத் தானே பதில் சொன்னது. “போட்டாங்க டாக்டர். உடம்பெல்லாம் சூடா ஏறிச்சு.”

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சார், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்கு நான் போடப்போறதும் ஊசிதான். அரிப்பு வந்தது சாப்பிட்டப்புறமா, அதுக்கு முன்னாடியேவா?”

அவர் அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் தனியாப் பேசலாமா டாக்டர்?”

“இங்கேயே பேசுங்க” என்றேன்.

“எறாவ நான் சாப்பிடவே இல்ல” என்றார். “தயிர் சாதம் மட்டும்தான் சாப்ட்டேன். அதுக்கு முன்னாடியே கை அரிச்சுகிட்டுதான் இருந்தது. எறாவ பக்கத்து பெஞ்சுல இருந்த ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்.”

“அவர் நல்லா இருந்தாரா?”

“ம். ஒரு சொம்பு தண்ணி குடிச்சாரு.”

“ஏன் சாப்பிடலை?” டாக்டர்தான் கேட்டார்.

என் பக்கம் திரும்பாமலே சொன்னார். “ஒரே உப்பு டாக்டர். வாயில வைக்க முடியல. புதுப் பொண்ணு, மனசு நோகுமேன்னு சொல்லல. அப்புறம் எல்லாரும் எறா எறான்னதும்... சொல்ற நேரம் தாண்டிப்போச்சு.”

ஒன்பது வருஷம்! ஒரு உப்புக்கு என் மனசு நோகாமல் காப்பாற்றப் போய், கொலைகாரி பட்டத்தைக் கட்டி வேடிக்கை பார்த்திருக்கிறார். அங்கேயே அந்தத் தாயத்துக் கயிற்றால் நாலு விளாசலாமா என்று கை பரபரத்தது. ஆனால் டாக்டர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“அன்னைக்கு ஒத்துக்காம போனது எக்ஸ்ரேக்குப் போட்ட சாய ஊசிதான். இன்னைக்குப் போடறது அந்தச் சாயம் இல்ல, வேற மருந்து. ஆனா ஒரு தடவை ஊசிக்கு இப்படி ஆன உடம்பு. இது தெரியாம நான் சாதாரணமா ஏத்திட்டுப் போயிருப்பேன்” என்றார். அன்றைக்கு ஊசி இல்லை. கிட்னிக்கு ரத்தப் பரிசோதனை, முன்கூட்டியே போட்டுக்கொள்ள மாத்திரை எல்லாம் எழுதிக் கொடுத்து இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்.

அந்த இரண்டாவது தடவை அவர் உள்ளே படுத்திருக்க, மிஷின் தடதடவென்று இடித்துக்கொண்டிருந்தது. ஊசி போடும்போது டாக்டர் கூடவே நின்றார். மாற்று மருந்தும் ஆக்சிஜனும் பக்கத்தில் தயார். வெளியே நானும் மாமியாரும். புருஷன் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எனக்கு அந்த ஆள் வேண்டும், பொய்யனோ பயந்தாங்கொள்ளியோ, முழுசாக வேண்டும். மாமியார் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது.

ஒன்றும் ஆகவில்லை. கட்டியும் இல்லை. ஒரு தடிப்புகூட இல்லாமல் வெளியே வந்து காபி கேட்டார்.

எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டச் சொல்லி டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எக்ஸ்ரே சாய ஊசி இவருக்கு ஒத்துக்கொள்ளாது, எறாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கடைசி வரி நான் கேட்டு வாங்கியது. தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அதை லேமினேட் பண்ணினேன். வீட்டுக்கு வந்து மாமியாருக்கு இரண்டு தடவை சத்தமாகப் படித்துக் காட்டினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

“துன்னாதப்பவே இப்பிடி ஆச்சே, துன்னிருந்தா இன்னா ஆயிருக்கும்?” என்றார்.

இதற்கு எந்த டாக்டரிடம் போய் எழுதி வாங்குவது?