காதை விரித்த யானை

கென்யாவில் நாங்கள் தங்கிய சஃபாரி முகாமில், காலைச் சாப்பாட்டு மேசைக்கு அருகே ஒரு யானை வந்து நின்றது. இலங்கையில் கதிர்காமக் கோயில் யானைக்குப் பழம் கொடுத்து வளர்ந்தவள் நான். வாழைப்பழத்தோடு எழுந்தேன்.

“இஞ்சேருமப்பா, அது கோயில் யானை இல்லை!” என்றார் கணவர்.

“நீங்கள் சும்மா இருங்கோ. எனக்கு யானையைத் தெரியும்.”

“பிள்ளையாரே” என்று சொல்லிப் பழத்தை நீட்டினேன். யானை இரண்டு காதுகளையும் சுளகு போல விரித்து என்னை நேராகப் பார்த்தது. முகாம் காவலாளி ஓடிவந்து என்னை மெல்லப் பின்னால் இழுத்தார். காதை விரித்தால் கிட்டே வராதே என்று அர்த்தமாம்.

கனடாவில் எங்கள் மொன்றியல் வீட்டுக்குத் திரும்பிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு வாழைப்பழம் வைத்தேன். சிறுவயதிலிருந்து பழகிய சாமிதான். ஆனாலும் கும்பிடுமுன் ஓரடி பின்னால் நின்று, காதைப் பார்த்தேன்.