பச்சை எந்தப் பாஷை?

இன்று காலை ஆர்.கே.பேட்டை பஸ்ஸுக்காக மலையடிவாரத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் பச்சை குத்துகிற அம்மா ஒரு பெண்ணின் கையில் கோலம் குத்திக்கொண்டிருந்தார்.

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"கறுப்பா இருக்கிறதை ஏம்மா பச்சைன்றீங்க?"

"இலைச் சாறுல கரியைக் குழைச்சிக் குத்தறோம். புண்ணு ஆறினா பச்சையா தெரியும், அதான்."

"தெலுங்கிலயும் பச்ச பொட்டுன்றாங்களே. யாரு வெச்ச பேரு மொதல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. எல்லை பிரிக்கையில் இந்த ஊர் சென்னை ராஜ்யத்துக்கா ஆந்திராவுக்கா என்று தெருவுக்குத் தெரு அடித்துக்கொள்ளும் நேரத்தில் கேட்கிற கேள்வியா இது?

அந்த அம்மா நிமிரக்கூட இல்லை. "எனக்கென்ன தெரியும்? ரெண்டு பேருக்கும் ஒரே ஊசியிலதான் குத்திகினு இருக்கேன்."

"நீங்க யாருங்க?" என்று சட்டைக்காரரைக் கேட்டேன்.

"சும்மா வார்த்தைங்களைச் சேர்த்துகினு இருக்கேன்மா."

நோட்டை எட்டிப் பார்த்தேன். வார்த்தை இரண்டோ மூன்றோதான். மீதியெல்லாம் ஆட்களின் பெயர், தெரு, கதவு நம்பர். நடுவில் கோடு கிழித்து ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு.

வார்த்தை பொறுக்குகிறவருக்குக் கதவு நம்பர் எதற்கு?

அவர் பார்வை என் முன்கைக்கு வந்தது. அங்கே சின்ன வயதில் குத்திய தேள் இருக்கிறது.

"உங்களுது எந்தப் பாஷைங்க?"

"கொட்டினா தெரியும்" என்றேன்.

நோட்டை மூடிக்கொண்டு எழுந்து, கடைத்தெருப் பக்கம் நடந்தார்.

உங்கள் வீட்டுக்கு வந்தாரா? கதவு நம்பரைச் சரியாகச் சொல்லித் தொலைத்துவிட்டீர்களா?