இருட்டாக விழுந்த முகம்

என் நாத்தனாரின் வளைகாப்பு நெமிலிச்சேரியில் அவள் மாமியார் வீட்டில் நடந்தது. ஸ்டுடியோ ஆள் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று சொன்னது நான்தான். பூந்தமல்லியில் பழைய கேமரா விற்கும் பாய் கடையில் வாங்கிய டிஜிட்டல் கேமரா. கைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

அவளை அன்றே பிரசவத்துக்காக அம்பத்தூருக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். மறுநாள் படங்களை டிவியில் போட்டேன். கூட்டமாக எடுத்தவை பரவாயில்லை. ஜன்னல் முன் அவளைத் தனியாக உட்காரவைத்து எடுத்தவற்றில் ஒன்றில்கூட முகம் தெரியவில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கலங்கிய நிழல். பின்னால் ஜன்னல் கம்பி மட்டும் துருப்புள்ளி வரை துல்லியம்.

எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். மாலையில் அத்தை, அதாவது என் மாமியார், அடுப்படியில் யாரிடமோ ஃபோனில் பேசியது காதில் விழுந்தது.

"எல்லார் மூஞ்சியும் நல்லாதான் கீது. எம்பொண்ணு மூஞ்சி மட்டும் எப்டி இருட்டா போவும்?"

எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. அவர் சொல்லாமல் விட்டது அதைத்தான். அதன் பிறகு, நான் வேலை விட்டு வரும் நேரமாகப் பார்த்து மகளுக்குத் திருஷ்டி சுற்றினார். நாத்தனாரும் என்னோடு அளந்து பேசினாள். எந்நேரமும் என்னை யாரோ கவனிப்பது போலிருந்தது. ஒரு கட்டத்தில், உள்ளுக்குள் எனக்கே பொறாமை இருந்ததோ என்று என்னையே சந்தேகப்பட்டேன்.

அதைவிட பாயைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. பழுதான கேமராவைத் தலையில் கட்டிவிட்டார் என்று சண்டை போடவே போனேன். அவர் அந்தப் படங்களை நிதானமாகப் பார்த்தார். திரையில் ஒரு சின்னச் சதுரம் மேல் மூலைக்குப் போயிருந்ததைக் காட்டினார். சதுரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஃபோகஸ். பின்பக்கப் பொத்தானில் கட்டைவிரல் பட்டாலே அது நகர்ந்துவிடுமாம்.

"இருட்டுக்கு இன்னா காரணம், பாய்?" என்றேன், நம்பாமல்.

"ஜன்னல் வெளிச்சத்தப் பாத்து கேமரா தானா கொறச்சிகிச்சும்மா. உனுக்கு மூஞ்சி முக்கியம்னு அதுக்கு இன்னா தெரியும்? நீதான் ஏத்தி வெக்கணும்."

வாசல் வெயிலுக்கு முதுகு காட்டி நின்று தன்னையே எடுக்கச் சொன்னார். முதல் படத்தில் கரிக்கட்டை. வெளிச்ச அளவை பிளஸ் பக்கம் ஏற்றியதும் தாடியின் நரை ஒவ்வொன்றும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனாரைக் கூடத்து ஜன்னல் முன் உட்காரச் சொன்னேன். தயங்கித்தான் உட்கார்ந்தாள். அன்று பொத்தானில் விரல் பட்டு ஃபோகஸ் நகர்ந்துவிட்டதை அவளிடம் சொல்லிக்கொண்டே, சதுரத்தை அவள் கண்மேல் வைத்து, வெளிச்சத்தை ஏற்றி எடுத்தேன். படம் அவ்வளவு அழகாக வந்திருந்தது. எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து அத்தையிடம் காட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோ நல்லா எடுக்கத் தெரியுதே. அப்போ அன்னிக்கி?"

பாய் சொன்னதையெல்லாம் சொல்லியிருக்கலாம். கேமராவை அணைக்கப் போனேன்.

நாத்தனார்தான் கையை நீட்டி கேமராவை வாங்கினாள். அது அவள் தொட்டுப் பழகாத பொருள். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, எதிரே இருந்த தன் அம்மாவை எடுத்தாள். திரையைப் பார்த்தாள், சிரிக்கவில்லை. படத்தில் அத்தை மங்கியிருக்க, பின்னால் சுவர்க் காலண்டரின் தேதிகள் பளிச்சென்று இருந்தன.

"நான் வேணும்னேவா இப்டி எடுத்தேன்?" என்று கேட்டாள்.

அத்தை எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். நாத்தனார் கேமராவை மடியிலேயே வைத்துக்கொண்டு, அந்தப் பொத்தான் எது என்று கேட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினேன்.

குழந்தைக்குப் பெயர் வைக்கும் அன்று அத்தை ஸ்டுடியோ ஆளை வரவழைத்திருந்தார். நானும் கேமராவோடு நின்றேன். என்னை யாரும் தடுக்கவில்லை.