ஓமந்தையில் இருக்கும் மூன்றாவது பிரதி

கொறற்றி ரீச்சர் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதலில் அவருடைய தங்கை ஓமந்தையிலிருந்து தொலைபேசியில் சொன்னார்: "மாஸ்ரர், அக்கா விடியப் போட்டா." நெடுநாள் சிறுநீரக நோய், எதிர்பார்த்ததுதான். மத்தியானம், நாங்கள் இருவரும் வேலை செய்த கணினி நிலையத்தை நடத்திய நிறுவனம் தன் வட்ஸ்அப் குழுவில் ஓர் அஞ்சலியை இட்டது. அதில் அவர் "முன்னாள் கணினி உதவியாளர்" எனக் குறிப்பிடப்பட்டிருந்தார். அவர் எவருக்கும் உதவியாளராக இருந்ததில்லை. கிளிநொச்சியில் இருந்த அந்த நிலையத்தின் கணினிகள் எல்லாவற்றுக்கும் பொறுப்பான முறைமை நிர்வாகி அவர். அவரை அறிந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அறிந்திருக்க வேண்டியவர்களுக்காகச் சொல்கிறேன்.

யுத்தம் முடிந்து சனம் மீளக் குடியேறத் தொடங்கிய காலத்தில் நிலையம் திறக்கப்பட்டது. கொழும்பில் கழித்துவிடப்பட்ட கணினிகளே எங்களுக்கு வந்தன. ரீச்சர் முல்லைத்தீவுக் கரையில் பிறந்து பௌதிகவியலில் பட்டம் பெற்றவர். நான் முரசுமோட்டையிலிருந்து கணிதம் படிக்கப் போனவன். எல்லாக் கணினிகளிலும் விண்டோஸை விட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவுவதென்று முடிவெடுத்தவர் அவரே. அதற்கு அவர் பெரிய கொள்கை எதையும் காரணமாகச் சொல்லவில்லை. "இது ஏலாட்டி, ஏன் ஏலாதெண்டு சொல்லும், மாஸ்ரர். மற்றது சும்மா நிண்டுபோய் நிக்கும்" என்றார்.

ஒரு காலை, ஒரு கணினியில் மட்டும் எந்த இணையத்தளமும் திறக்கவில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்றே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் இணைப்பைக் குறை சொல்லி வயர்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன். ரீச்சர் வந்து திரையின் மூலையில் இருந்த திகதியைப் பார்த்தார். உள்ளே இருந்த சிறு பற்றறி செத்து, கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. அந்தத் திகதியில் யுத்தம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

"இது இன்னும் இடம்பெயரேல்லைப் போல," என்றார் அவர். "மெல்லமாச் சொல்லுவம். பயந்துபோகும்."

பற்றறியை மாற்றித் திகதியைத் திருத்தியதும் எல்லாத் தளங்களும் திறந்தன. அன்று முழுவதும் நாங்கள் சிரித்தோம். அப்படிச் சிரிக்கக்கூடிய ஒருவரோடு வேலை செய்வது எத்தகைய பேறு என்பது இப்போது தெரிகிறது.

இன்னொரு நாள், சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் ஒரு கணினி உள்ளே விடாமல் மீண்டும் அதே வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது. அதை நிறுத்தித் திரும்பப் போட என் விரல் மின் ஆளியருகே போனது. "கையை எடுங்கோ," என்றார் ரீச்சர். "முதல் வாசியுங்கோ, பிறகு தொடுங்கோ." படங்களற்ற கறுப்புத் திரைக்குப் போய், வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று கேட்கும் இரண்டெழுத்துக் கட்டளையை இட்டார். இடம் இல்லை; அதனால்தான் உள்ளே விடவில்லை. பதிவுக் கோப்பு ஒன்று பூதமாக ஊதியிருந்தது. யாரோ பிரின்ரரைக் கழற்றியிருக்க, கணினி அந்தக் குறையை ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரின்ரரைப் பூட்டிய பிறகே கோப்பைச் சுருக்கினார். காரணத்தை விட்டுவிட்டுப் பதிவை மட்டும் அழிப்பது அவருக்கு அருவருப்பான காரியம். "பாவம், இவ்வளவு நாளும் கத்தியிருக்கு. ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார்.

இனிச் சொல்லப்போவது நிறுவனம் தன் அஞ்சலியில் சொல்லாமல் விட்ட பகுதி.

ரீச்சர் ஒரு ஸ்கானரை ஒழுங்குசெய்து, குடும்பங்களிடம் தப்பியிருந்த புகைப்படங்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினார். செத்தவர்கள், காணாமல் போனவர்கள், கலியாணங்கள், முதல்நன்மைகள். பலரிடம் ஒருவருக்கு ஒரு படம்தான் இருந்தது. முள்ளிவாய்க்காலில் கடற்றொழில் செய்யும் அந்தோனிப்பிள்ளை அண்ணை, கடைசிச் சண்டையில் இறந்த மனைவியின் படத்தைச் சேட்டுப் பொக்கற்றில் கொண்டுவந்தார். ரீச்சர் இரண்டு வன்வட்டுகளில் பிரதி எடுப்பதைப் பார்த்துவிட்டு அவர் யோசனை சொன்னார்.

"ரெண்டையும் ஒரு பையிலை போட்டு வையுங்கோ, தங்கச்சி. ஓட வேண்டி வந்தா ஒரு கையாலை தூக்கலாம்."

எங்கள் எல்லோருடைய வீட்டிலும் அந்தப் பை இருக்கிறது. அடையாள அட்டை, காணி உறுதி, சான்றிதழ், நகை எல்லாம் ஒன்றாக, கதவருகே. நானும் அதைச் சரியென்றே நினைத்தேன். ரீச்சர் கேட்டார்: "ஓடேக்கை பை விழுந்தா, அண்ணை?"

"விழுந்ததுதானே," என்றார் அவர். "இது பொக்கற்றிலை இருந்தபடியால் மிஞ்சினது."

"அப்ப ஒண்டு மெசினிலை, ஒண்டு இஞ்சை அலுமாரியிலை, ஒண்டு வேறை ஊரிலை."

மூன்றாவது பிரதியான வன்வட்டு ஓமந்தையில் தங்கை வீட்டுக்குப் போனது. ரீச்சர் மாதம் ஒருமுறை அங்கே போய்ப் புதிய படங்களை ஏற்றுவார். பழையதில் ஏதாவது ஒன்றைத் திறந்து பார்ப்பார். திறந்து பார்க்காத பிரதி இருக்கிறதென்று சொல்வது பொய் என்பது அவர் வாதம்.

பிறகு புதிய திட்ட அதிகாரி ஒருவர் வந்தார். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் நிறுவனத்தின் தரத்துக்குப் பொருந்தாது என்றார். ரீச்சர் விடுமுறையில் நின்ற நாளில் கணினிகள் யாவும் துடைக்கப்பட்டு விண்டோஸ் ஏற்றப்பட்டது. அலுமாரியில் இருந்த வன்வட்டை எடுத்துப் புதிய கணினியில் பூட்டினார்கள். லினக்ஸ் வடிவில் எழுதப்பட்ட வட்டு விண்டோஸுக்குப் புரியாது. அழித்து வடிவமைக்கட்டுமா என்று அது கேட்டது. அதிகாரி சம்மதம் என்று அழுத்தினார்.

பிறகு நடந்த ஊழியர் கூட்டத்தில் அதிகாரி அதைத் தொழில்நுட்பக் கோளாறு என்றார். ரீச்சர் குரலை உயர்த்தவில்லை.

"கோளாறு ஒண்டும் இல்லை, சேர். அது வடிவாக் கேட்டது. நீங்கள் வாசிக்காமல் ஓம் எண்டியள்."

அவருடைய ஒப்பந்தம் அதன்பின் புதுப்பிக்கப்படவில்லை. ஓமந்தையில் ஒரு பிரதி இருப்பதை ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்று வெளியே வந்ததும் கேட்டேன். "படங்கள் வேறை எங்கையும் இருக்கோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லையே, மாஸ்ரர்." உண்மை. இன்றுவரை நிறுவனத்தில் எவரும் கேட்கவில்லை. இதை நான் மறக்கப்போவதில்லை.

கேட்டவர் அந்தோனிப்பிள்ளை அண்ணை. பொக்கற்றில் இருந்த படம் உப்புத்தண்ணீர் பட்டு முகம் அழிந்துபோயிருந்தது. மனைவியின் ஆண்டுத் திருப்பலிக்குப் பெரிதாக்கி வைக்க விரும்பியவர், நிலையத்துக்குப் போய், அழிந்துவிட்டதென்ற பதிலோடு ரீச்சரிடம் வந்தார். மூவரும் ஓமந்தைக்கு பஸ் ஏறினோம். தங்கை வீட்டுக் குசினி மேசையில் ரீச்சர் தன் மடிக்கணினியைத் திறந்து வட்டைப் பூட்டினார். படம் வந்தது.

அண்ணை அதை நெடுநேரம் பார்த்தார். "கொஞ்சம் வெளிச்சமாக்க ஏலுமோ, தங்கச்சி? அவா இவ்வளவு கறுப்பில்லை."

"ஏலும், அண்ணை. ஆனாப் பிரதியிலைதான். மூலத்திலை நான் கை வைக்கமாட்டன்."

"வைக்காதேங்கோ," என்றார் அவர். "அவாவும் விடமாட்டா."

சென்ற வாரம் நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். கணினி அறைக்கு ரீச்சரின் பெயரை வைக்கப்போகிறார்களாம். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டுமாம். தங்களிடம் ஒன்றும் இல்லையாம். இல்லாமல் போனது எப்படி என்று நான் விளக்கவில்லை.

ரீச்சரின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு ஓமந்தைக்குப் போனபோது அந்த வட்டைத் திறந்து தேடினேன். முதலாவது கோப்பே அவர்தான். ஸ்கானர் வந்த அன்று, பிறருடைய படத்தை வைத்துப் பார்க்க மனமில்லாமல் தன்னுடைய படத்தை வைத்திருக்கிறார். கோப்பின் பெயர் "சோதனை". அதில் ஒரு பிரதி எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பினேன். கீழே ஒரு வரி மட்டும் எழுதினேன்: "இவர் உதவியாளர் அல்லர்; முறைமை நிர்வாகி. பெயர்ப்பலகை எழுதுமுன் வாசிக்கவும்."

புறப்படும்போது தங்கை வட்டை என்னிடம் நீட்டினார். "அக்காவும் இல்லை. இது இனி இஞ்சை கிடந்து என்ன செய்யிறது? நீங்கள் கொண்டுபோங்கோவன், மாஸ்ரர்."

"இஞ்சை கிடக்கிறதுதான் அதின்ரை வேலை," என்றேன்.

இன்னொரு பிரதி கிளிநொச்சியில் என் அலுமாரியில் இருக்கிறது. அண்ணையின் பொக்கற்றில் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஓமந்தைக்குப் போகும் பஸ் பயணமும், மாதம் ஒரு முகத்தைத் திறந்து, இருக்கிறதென்று பார்த்துவிட்டு மூடும் வேலையும்தான்.