அம்மா தட்டிய பக்கம்

எங்கள் தெருவில் அம்மாவுக்கு ராணி என்று ஒரு பெயர் உண்டு. பெற்றவர்கள் வைத்ததல்ல, குழாயடி வைத்தது. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் அம்மா ஒரு தரத்தில் திரும்ப மாட்டாள். இரண்டு மூன்று தரம் கூப்பிட்ட பிறகு, போனால் போகிறது என்பது போல மெதுவாகத் திரும்புவாள். அவள் கல்மண்டபத்தில் பேசினால் கடலில் கேட்கும். “வந்துட்டாங்கடி ராணி” என்று குழாயடிப் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கோ அதில் பெருமை தாங்காது. நானும் பழகிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டபோது ராணி மாதிரி மெதுவாகத் திரும்பினேன். முதுகில் அடி மட்டும் சீக்கிரமே விழுந்தது.

அம்மா துரு தட்டுகிறவள். வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்த காலம் அது. கப்பலிலிருந்து சரக்கை இறக்கிக் கரைக்குக் கொண்டுவரும் இரும்புப் படகுகளை பார்ஜ் என்போம். உப்புக்காற்று அவற்றைத் தின்றுகொண்டே இருக்கும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒவ்வொன்றாகக் கரையில் இழுத்துப் போடுவார்கள். அம்மாவும் அவளோடு வரும் பெண்களும் சின்னச் சுத்தியால் துருவைத் தட்டி உதிர்ப்பார்கள், கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பார்கள், கழுவித் துடைப்பார்கள். பார்ஜின் வயிற்றுக்குள் இறங்கித் தட்டும்போது மற்றப் பெண்கள் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார்கள். அம்மா அடைக்க மாட்டாள்.

“பஞ்சி வச்சிகினா இரும்பு பேசறது எப்டிடி கேக்கும்?” என்பாள். நல்ல இரும்பு கணீர் என்னுமாம். அடியில் துரு ஒளிந்துகொண்டிருந்தால் பொத்தென்று ஒரு சத்தம் வருமாம்.

அவர்கள் கழுவி முடித்த இரும்புக்குப் பெயிண்ட் அடிக்கிறவர் என் சித்தப்பா. எங்களோடு ஒரே வீட்டில் இருந்தவர். ஆள் நல்ல அழகு. வலது கை சுண்டுவிரலில் பாதியை ஏதோ கப்பிக் கயிறு கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த விரல்களிலேயே அவருக்கு அத்தனை கர்வம். பார்ஜ் தண்ணீரில் இறங்குகிற அன்று எல்லோரும் பெயிண்டைத்தான் பார்ப்பார்கள், பாராட்டு முழுதும் அவருக்குத்தான். அது போதவில்லை. ஒரு வருஷம் பார்ஜ் முதலாளியான பாயிடம் போய், “துரு தட்டறதுக்கு எதுக்கு பாய் இத்தினி பொம்பளைங்க? நாங்களே ஒரு தேய் தேச்சி, கனமா ரெண்டு கோட்டு அடிச்சா நின்னுடும்” என்று சொல்லிவிட்டார்.

பாய் யாரையும் நோகடிக்கத் தெரியாத மனுஷர். ஒரு பார்ஜை இரண்டாகப் பிரித்தார். வலப்பக்கம் அம்மாவின் ஆட்கள் தட்டிக் கழுவ வேண்டும். இடப்பக்கம் சித்தப்பாவின் இஷ்டம். பெயிண்ட் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றே. மழை முடிந்ததும் எந்தப் பக்கத்துப் பெயிண்ட் நிற்கிறதோ அவர்கள் சொல்கிறபடிதான் இனி எல்லா பார்ஜும். அம்மா தோற்றால் அவளோடு வரும் பெண்கள் அத்தனை பேர் வீட்டிலும் அடுப்பு எரியாது. அப்பாவின் பாடு இன்னும் மோசம். ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் தம்பி. அவர் வாயைத் திறப்பதே சோறு தின்னத்தான் என்று ஆகிவிட்டது.

வேலை நடந்த அன்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கரையிலேயே கிடந்தேன். சித்தப்பாவின் ஆட்கள் மேலாகத் தேய்த்து, பக்கத்தில்தானே கடல் என்று வாளி வாளியாக அதையே மொண்டு ஊற்றி, வெயில் ஏறுமுன்னே கழுவி முடித்துவிட்டார்கள். சித்தப்பா வேர்த்த கையை அந்த இரும்பில் ஊன்றிச் சாய்ந்துகொண்டு, “இன்னா பாய், எப்டி கீது?” என்று கேட்டார். பிறகு அதன் மேலேயே சிவப்பு பெயிண்டை அடித்தார். கல்யாண வீட்டு வாசல் மாதிரி அந்தப் பக்கம் ஜொலித்தது.

வலப்பக்கத்தில் இன்னும் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அந்தப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போய் வரிசையில் நின்றார்கள். எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரும் உப்பு. இடுப்பில் குடம் தளும்பத் தளும்ப அவர்கள் திரும்பி வந்ததைப் பார்த்துக் கரையே சிரித்தது.

“இன்னா அண்ணி, பார்ஜு வயசுக்கு வந்துட்ச்சா? மஞ்சத்தண்ணி ஊத்தறீங்களா?” என்றார் சித்தப்பா.

அம்மா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. கழுவிய இரும்பை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். துப்பினாள். “இன்னும் கரிக்குது. இன்னொரு கொடம்!” என்று கத்தினாள். யாரும் பார்க்காதபோது நானும் நக்கிப் பார்த்தேன். பல் விழுந்த அன்று வாயில் இருந்த ருசி. கடைசியில் அவள் நாக்கு சரி என்ற பிறகு, துணி சுற்றாத கையோடு யாரையும் இரும்புக்குக் கிட்டே விடவில்லை. இரும்பு காய்ந்ததுமே பெயிண்டையும் அடிக்க வைத்துவிட்டாள்.

மழைக்காலம் முழுதும் அந்த பார்ஜ் துறைமுகத்துக்குள்ளேயே இருந்தது. எங்கள் கண்ணில் படவேயில்லை. வீட்டில் ஒரே குழம்பை இரண்டு கட்சியும் பேசாமல் பிசைந்து சாப்பிட்டது. நான் பள்ளிக்கூடம் போகிற வழியில் மாரியம்மன் கோயில், மாதா கோயில், தர்கா மூன்றுக்கும் மனு போட்டேன், யார் காதிலாவது விழட்டும் என்று.

பொங்கல் கழித்து பார்ஜைக் கரையில் இழுத்துப் போட்டார்கள். குழாயடியே காலியாகி வந்திருந்தது. சித்தப்பாவின் பக்கம் பொரித்த அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. பாய் நகத்தால் தொட்டதும் பெயிண்ட் பட்டையாக உரிந்து விழுந்தது, உள்ளே துருப்பொடி. அதற்கு நடுவில், ஒரு கை. ஐந்து விரலும் உள்ளங்கையுமாகத் துருவே எழும்பி நின்றது, சுண்டுவிரல் மட்டும் பாதி.

“கையக் காட்டுப்பா” என்றார் பாய்.

சித்தப்பா அசட்டுச் சிரிப்போடு கையை அதன் மேல் வைத்தார். அச்சுப் பிசகாமல் பொருந்தியது. “என்து தான் பாய்” என்று அவரே சொன்னதும் கரை சிரித்த சிரிப்பில் காக்காய்கள் எழும்பிப் பறந்தன.

அம்மாவின் பக்கத்தில் பாய் சாவியால் அழுத்திக் கீறினார். கோடு விழுந்தது, பெயிண்ட் பெயரவில்லை. சுத்தியால் ஒரு தட்டு தட்டினார். கணீர்!

“இனிமே எம் பார்ஜு எல்லாத்துக்கும் ராணி சொல்றதுதான்!” என்று பாய் உரக்கச் சொன்னார். விசில் பறந்தது. அத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்கள்கூடக் கை தட்டினார்கள். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அந்த இரும்பைத் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கரையே கொண்டாடுகிறது, இவள் திரும்பவில்லை! பொறுக்க முடியாமல் ஓடிப்போய் முந்தானையை இழுத்தேன்.

மெதுவாகத் திரும்பினாள். எங்களை முகம் முகமாகப் பார்த்தாள். “இன்னா பாய் சொன்னீங்கோ?” என்று கேட்டாள்.

பாய் கிட்டே வந்து இன்னும் உரக்க, அதே வார்த்தைகளை மறுபடி சொன்னார். கூட்டத்துக்கு வெறியே பிடித்துவிட்டது. “பாயையே ரெண்டு தபா சொல்ல வச்சிட்டாடி ராணி!” என்று குழாயடி கூவியது. சித்தப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் எனக்கு அதுதான் பேச்சு, என் அம்மா பாயை எப்படி இரண்டு தரம் சொல்ல வைத்தாள் என்று.

இரும்பு பேசுவதைக் கேட்க வேண்டும் என்று பஞ்சை வேண்டாமென்றவளுக்கு, பாய் முதல் தரம் சொன்னது கேட்கவேயில்லை என்பது எனக்கு அன்று தெரியாது.